கத்தி எடுப்பதற்கு முன் கொம்பைக் கவனியுங்கள்

மாட்டுக் கொம்பில் கோடு கீறி, மை தேய்த்துப் படம் எழுதுவதைப் பற்றித் தமிழில் எங்கும் நான் படித்ததில்லை. ஆங்கிலத்தில் வீடியோக்களும் குறிப்புகளும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் முக்கால்வாசி, கத்தியை எப்படிப் பிடிப்பது, மையை எப்படித் துடைப்பது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அதற்கு முன்னால் கொம்புக்குச் செய்ய வேண்டிய வேலையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால் ஒரு பனிக்காலமும் அடுத்து வந்த கோடையும் போயின. 150 டாலருக்குக் கொஞ்சம் மேலே பணமும் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாமல் இதில் இறங்குகிற அடுத்தவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி பக்கம். வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் லேக் ஜார்ஜ் ஏரி. இன்னும் மேலே போனால் டிகாண்டரோகா கோட்டை. மகனுக்கு நாலாம் வகுப்பில் உள்ளூர் வரலாறு வந்தபோது அந்தக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவன் பீரங்கி பார்க்க ஓடிவிட்டான். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பவுடர் ஹார்ன்களை விட்டு நகரவில்லை. பவுடர் ஹார்ன் என்றால் வெடிமருந்து போட்டு வைக்கும் மாட்டுக் கொம்பு. துப்பாக்கிக்குள் மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கிச் சுட்ட காலத்தில் ஒவ்வொரு வீரனும் வேட்டைக்காரனும் தோளில் தொங்கவிட்டிருந்த சாமான். கொம்பு எடை குறைவு, தண்ணீர் உள்ளே போகாது, இரும்பைப்போல் தீப்பொறி தட்டாது. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியில் துளை போட்டு ஒரு சின்ன மரமூடி செருகிவிட்டால் போதும்.

முகாமில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்தக் கொம்புகளின் மேல் பெயர், வருடம், கோட்டை, ஆறு, மான், கப்பல் என்று கீறியிருக்கிறார்கள். 1754 முதல் 1763 வரை பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிய போரிலும், பிறகு அமெரிக்கச் சுதந்திரப் போரிலும் இது பெரிய கலையாகவே வளர்ந்தது. ஹட்சன் ஆற்றை அடியிலிருந்து நுனிவரை ஓடவிட்டு, கரையில் ஆல்பனியையும் கோட்டைகளையும் வரிசையாகக் காட்டும் வரைபடக் கொம்புகள் உண்டு. கனஜோஹரி ஊரில் வாழ்ந்த ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவற்றைத் தேடித் தேடிப் போய் நீர்வண்ணத்தில் படியெடுத்து வைத்தார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜான் புஷ்ஷின் கதை. மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரி ஊரைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர். 1755இல் லேக் ஜார்ஜ் முகாமில் இருந்தபோது கூட இருந்தவர்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். சுழித்துச் சுழித்துக் கொடிபோல ஓடும் எழுத்து. 1757இல் அதே ஏரிக்கரையில் இருந்த வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சிறைப்பட்டார். ஊர் திரும்பவில்லை. ஒரு கத்தியும் ஒரு கொம்பும் வைத்துக்கொண்டு, பனியிலும் சேற்றிலும் உட்கார்ந்து ஒருவர் அப்படி எழுத முடிந்ததென்றால் நானும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதிலும் தமிழில் எழுத வேண்டும். 'இன்னாருடைய கொம்பு' என்று அவர்கள் வெட்டியதுபோல என் பெயரை, என் எழுத்தில்.

இந்த வேலையை இப்போது எல்லோரும் ஸ்கிரிம்ஷா என்றுதான் சொல்கிறார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் போன நியூ பெட்ஃபோர்டு, நான்டக்கெட் துறைமுக மாலுமிகள் 19ஆம் நூற்றாண்டில் திமிங்கிலப் பல்லில் செய்த வேலைக்கு வந்த பெயர் அது. என் முதல் சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை பல்லுக்கும் தந்தத்துக்கும் எழுதப்பட்டவை. தந்தம் இறுக்கமானது. எந்தப் பக்கம் கீறினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெட்டும், ஊசியால் புள்ளி வைத்தே முழுப்படமும் கொண்டுவரலாம். கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டின். அடியிலிருந்து நுனிக்கு நார் ஓடும், அடுக்கடுக்காக வளரும், அடுக்கு பிரியவும் செய்யும். தந்தத்துக்குச் சொன்னதைக் கொம்பில் செய்தால் ஊசிப் புள்ளியின் விளிம்பு பிய்ந்து, மை நார் வழியே இழுத்துக்கொண்டு போகும். எனவே எந்தப் பாடத்தைப் பார்த்தாலும் அது எந்தப் பொருளுக்கு என்பதை முதலில் பாருங்கள். தந்தத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். கடல் பாலூட்டிகளைக் காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், நியூயார்க்கில் 2014இல் வந்த தந்த விற்பனைத் தடையும் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு யானையின் உயிருக்கு என் பொழுதுபோக்கு ஈடாகாது. மாட்டுக் கொம்புக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை.

முதல் கொம்பை இணையக் கடை ஒன்றில் 38 டாலருக்கு வாங்கினேன். 'சுத்தம் செய்து பாலிஷ் போட்டது, செதுக்கத் தயார்' என்று போட்டிருந்தார்கள். வந்தபோது கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெட்டியில் இந்தியாவில் செய்தது என்று ஒட்டியிருந்தது. உத்தரப்பிரதேசத்தின் சம்பல் ஊரில் கொம்பு வேலை பெரிய தொழில் என்பதால் இங்கே கிடைப்பதில் நிறைய அந்தப் பக்கத்துச் சரக்குதான். கையில் வாங்கியதும் மனம் நிறைந்துபோயிற்று. பென்சிலால் பெயர் எழுதி, எக்ஸாக்டோ என்ற கைவேலைக் கத்தியால் கீறி, வீடியோவில் காட்டியபடி இந்தியா இங்க் என்ற கறுப்பு மையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன்.

துடைத்ததும் நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்கும் நடக்கும். எழுத்து கறுப்பாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன மீசை முளைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டோரத்தில் கண்ணாடிச் சிம்பு மாதிரி ஏதோ பெயர்ந்து நின்றது. அந்தப் பளபளப்பு கொம்பினுடையது அல்ல, மேலே அடித்திருந்த வார்னிஷ். கத்தி பட்ட இடத்தில் வார்னிஷ் உதிர்ந்து, மை அதற்கு அடியில் புகுந்து பரவியிருக்கிறது. சரி என்று உப்புத்தாளால் வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி எழுதி மை வைத்தேன். இப்போது மீசை இல்லை, பதிலாகக் கொம்பு முழுக்கச் சாம்பல் பூசினதுபோல ஆகிவிட்டது. உப்புத்தாள் போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் மையைக் குடித்து வைத்திருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்து, மகனைத் தூங்கவைத்து, இரவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தை வாரக்கணக்கில் சேர்த்துச் செய்தது. கடைக்கு எழுதிக் கேட்டேன். பாலிஷ் என்று சொன்னது உண்மைதானே என்ற தோரணையில் ஒரு வரி பதில் வந்தது.

எனவே கேட்டுக்கொள்ளுங்கள். மை என்பது கத்திக்கீறலையும் மற்றக் கீறலையும் பிரித்துப் பார்க்காது. கத்தி போட்டதைத் தவிர வேறு எந்தக் கீறலும் இல்லாத பரப்பை உண்டாக்குவதுதான் இந்தக் கலையில் பெரும்பகுதி வேலை. வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் எடுக்க வேண்டாம். தச்சர்கள் வைத்திருக்கிற எஃகுச் சுரண்டி, அது இல்லையென்றால் பழைய கத்தியின் முதுகு, இதை நிமிர்த்திப் பிடித்து நுனியை நோக்கி இழுத்தால் மெல்லிய சுருளாக உரிந்து வரும். கொம்பின் மேடுபள்ளத்தையும் இப்படியே எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் உப்புத்தாள். 220, 320, 400, 600 என்று படிப்படியாக. ஒவ்வொரு எண்ணிலும் முந்தின எண்ணின் கீறல் முழுக்கப் போனபிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். கடைசியில் நான்கு பூஜ்ஜியம் போட்ட ஸ்டீல் வுல், அதாவது மிக மெல்லிய எஃகுப் பஞ்சு. அதற்கு மேல் பேஸ்ட் மெழுகை விரல்நுனியால் மெலிதாகத் தடவிக் காயவிட்டுத் துணியால் தேய்த்துவிடுங்கள். மெழுகு நுண்துளைகளை அடைத்துவிடும். கத்தி மெழுகைக் கிழித்துக்கொண்டு இறங்கின இடத்தில் மட்டும் மை நிற்கும்.

தயாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, பின்னால் அறுத்து எறியப்போகிற அடிவிளிம்பில் ஒரு சொட்டு மையைத் தேய்த்துத் துடைத்துப் பார்ப்பது. துளி சாம்பல் தெரிந்தாலும் திரும்பச் சுரண்டிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனை எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் முதல் கொம்பு பிழைத்திருக்கும்.

மாமியார் அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார்கள். நான் சாம்பல் படிந்த கொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, ஓலையில எழுதிட்டுக் கரி பூசுவாங்களே, அது மாதிரியா?" என்றார்கள். அவர்களுடைய தாத்தா நாடி, வைத்தியம் என்று சுவடி வைத்திருந்தவர். "ஆமா அத்தை, ஏறக்குறைய அதுதான்" என்றேன். "அப்ப ஓலையை முதல்ல பதப்படுத்தணுமே. பச்சை ஓலையில யாரு எழுதுவா?" என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் எத்தனையோ வீடியோ பார்த்தும் கிடைக்காத விளக்கம் அது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் எழுத்தாணி. கீறின எழுத்தில் கரி நிற்கும், மேலே இருப்பது துடைத்தால் போய்விடும். இங்கேயும் பதம்தான் முதல்.

அடுத்த கொம்பைக் கச்சாவாகவே 45 டாலருக்கு வாங்கினேன். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சளாக இருப்பது நல்லது. எருமைக் கொம்பு கறுப்பு, அதில் கறுப்பு மை தெரியாது. முடிந்தால் ஒரு சின்ன டார்ச்சைக் கொம்புக்குள் விட்டு இருட்டில் பாருங்கள். மெல்லிய இடம் பிரகாசமாகத் தெரியும், விரிசலும் அடுக்குப் பிரிந்த இடமும் நிழலாக விழும். பெரும்பாலும் அடிப்பக்கம் மெல்லியதாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், நுனி கெட்டியாக இருக்கும். மேலே செதிள் எழும்பியிருந்தால் சுரண்டுவதற்கு முன்பே மெல்லிய சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு இறுக்கிக் காயவையுங்கள். வளைவையும் பாருங்கள். மாட்டின் இடக்கொம்பும் வலக்கொம்பும் எதிரெதிராக முறுக்கிப் போகும். தோளில் தொங்கவிடும்போது உடம்போடு ஒட்டி நிற்கிற பக்கம் எது என்று பார்த்து, வெளியே தெரிகிற பக்கத்தில்தான் படம் வர வேண்டும்.

கச்சாக் கொம்பின் அடிவாய் வட்டமாக இருக்காது. கொதிநீரில் போட்டு இளக்கி, கூம்பாகக் கடைந்த மரக்கட்டையை உள்ளே தட்டி இறக்கி ஆறவிட்டால் வட்டமாகிவிடும். இதை நான் சமையலறை அடுப்பில் செய்தேன். முடி கருகினதும் பழைய எலும்பும் கலந்த ஒரு நாற்றம் எழும்பி வீட்டில் ஒருவரும் இருக்க முடியவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டபிறகும் விட்டுப்போக நாளாயிற்று. இந்த வேலையை வெளியே, கேம்ப் அடுப்பில், இதற்கென்றே வாங்கிய பழைய பாத்திரத்தில் செய்யுங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது. அரம் போடும்போதும் தேய்க்கும்போதும் எழும்புகிற தூளுக்கு என்95 முகமூடி கட்டாயம். ஆந்த்ராக்ஸ் நோய் ஒரு காலத்தில் ரோமத்திலும் கொம்பிலும் வேலை செய்தவர்களைத் தாக்கியிருக்கிறது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத கச்சாக் கொம்பை வாங்காதீர்கள். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

இனி வரைவது. தாளில் அழகாக வரைந்த படம் கொம்பில் ஒட்டவைத்தால் கோணலாகும், ஏனென்றால் கொம்பு கூம்பு, அதுவும் வளைந்த கூம்பு. மெல்லிய தாளைக் கொம்பின் மேல் சுற்றி, ஓரங்களைக் கத்தரித்து, பிரித்துப் பார்த்தால் விசிறி வடிவம் வரும். அந்த விசிறிக்குள்தான் படத்தை அமைக்க வேண்டும். சுற்றுக்கோடு இழுக்க மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி அதன் ஓரத்தைப் பிடித்துப் போங்கள். கையால் இழுத்தால் ஆரம்பமும் முடிவும் சந்திக்காது. பென்சில் கோடு கைபட்டு அழிவதுதான் பெரிய தொல்லை. ஓவியர்கள் பென்சில் படத்துக்கு அடிக்கும் ஃபிக்ஸடிவை லேசாக அடித்துக்கொண்டால் நிற்கும்.

கத்தி வேலைக்கு வருகிறேன். வீடியோக்களில் சொன்னார்களே என்று 70 டாலருக்குச் சுழலும் சின்ன மின்கருவி ஒன்று வாங்கியிருந்தேன். கோடு வேலைக்கு அது பயனில்லை. முனை நார்மேல் வழுக்கி ஓடும், ஒரே இடத்தில் நின்றால் கொம்பு கருகிப் பழுப்பாகும். அந்தப் பணம் வீண். எக்ஸாக்டோ கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் போதும். கத்தியை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கோடு, அதே கோட்டில் மறுபக்கம் சாய்த்து இன்னொரு கோடு. சரியாக விழுந்தால் நூல்போல ஒரு சிம்பு எழும்பி வரும். அந்த நூல் வந்தால்தான் மை நிற்கும் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நூல் வராமல் வெறும் கீறலாக இருந்தால் மை துடைப்பில் போய்விடும்.

தமிழ் எழுத்து கொம்பில் ஏன் கடினம் என்பது இங்கேதான் தெரிந்தது. நார் ஓடுகிற திசையில், அதாவது நீளவாக்கில், கத்தி எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டியும் ஓடும். நாருக்குக் குறுக்கே அழுத்தி இழுத்தால்தான் வெட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் நேர்கோடுகள் அதிகம், இரண்டையும் தனித்தனியாகச் சமாளிக்கலாம். நம் எழுத்தில் நிறைய வளைவும் சுழியும்தான். 'ழ'வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வளைந்து, கீழே இறங்கி, கால் சுழிந்து திரும்புகிறது. குறுக்கே அழுத்திக்கொண்டு வந்த கை, வளைவில் நீளவாக்குக்குத் திரும்பியதும் திடீரென்று தடை இல்லாமல் போய், கத்தி வெளியே பாய்கிறது. முதலில் வெட்டிய 'ழ'க்களில் பாதிக்கு வால் நீண்டுபோயிற்று.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, வளைவை வளைவாக வெட்டாமல் எள் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோடுகளாகத் தொடுத்துப் போவது. குறுக்கிலிருந்து நீளத்துக்குத் திரும்பும் இடத்தில் கத்தியை எடுத்துவிட்டு, எதிர்முனையிலிருந்து ஆரம்பித்து வந்து சேருங்கள். கத்தியைத் திருப்பாதீர்கள், கொம்பைத் திருப்புங்கள். அரிசி நிரப்பின துணிப்பையின் மேல் கொம்பை வைத்தால் எந்தக் கோணத்திலும் அசையாமல் உட்காரும். ஒரு விளக்கு பக்கவாட்டில் தாழ்வாக இருக்கட்டும். நேர்மேலே இருந்து வரும் வெளிச்சத்தில் மை வைக்காத கீறல் கண்ணுக்கே தெரியாது. தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடிக்கு 40 டாலர் ஆயிற்று. அது மட்டும் கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்தது.

பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் கை தானாக அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் கூடினால் வழுக்கும். எனக்கு அப்படி வழுக்கி இடது கட்டைவிரல் அடியில் இறங்கித் தையல் போட வேண்டியதாயிற்று. கொம்பைப் பிடிக்கிற கைக்கு வெட்டு தாங்கும் கையுறை 15 டாலருக்குள் கிடைக்கிறது. முதல் நாளே வாங்குங்கள். எழுத்துக்கு ஒரு பிளேடு மாற்றினாலும் தையலைவிட மலிவு.

இந்த இரண்டாம் கொம்பில் என் பெயர் முடிந்து, ஹட்சன் ஆறு ஆல்பனி வரை வந்துவிட்டது. அந்த ஆண்டு கோடையில் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் துணியில் சுற்றி கராஜ் அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பிரித்தபோது துணியில் தவிட்டு நிறத்தில் தூள். கொம்பில் சின்னச் சின்ன ஓட்டைகளும் வாய்க்கால் மாதிரி அரித்த பள்ளங்களும். ஒரு வாய்க்கால் ஆற்றின் குறுக்கே போய் என் பெயரின் நடு எழுத்தைத் தின்றிருந்தது. கம்பளத்தையும் பட்டுத்துணியையும் அரிக்கிற அதே வண்டின் புழு. கெரட்டின் என்றால் அதற்கு எல்லாம் ஒன்றுதான், கம்பளி ஆனால் என்ன, கொம்பு ஆனால் என்ன. அருங்காட்சியகக் கொம்புகளில்கூட இந்த அரிப்பைப் பிறகு நிறையப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதல் கொம்பைவிட இதுதான் என்னை அதிகம் உடைத்தது. முதலாவது கெட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இது நன்றாக வந்துகொண்டிருந்தது. பல வாரம் கத்தியைத் தொடவில்லை.

கச்சாக் கொம்பு வீட்டுக்கு வந்ததும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு பையைத் திறக்காமலே அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கொம்பின் மேல் படியும். வேலை நடக்கிற நாட்களில் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். முடிந்த கொம்பை வெளிச்சமும் காற்றும் படுகிற இடத்தில் வைத்து, அவ்வப்போது கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள். இருட்டில் அசையாமல் கிடக்கிற கொம்பைத்தான் புழு தேடி வரும்.

பழைய காலத்துப் போர்முகாம் போல் உடுத்திக் கூடாரம் போட்டு நடத்தும் ஒரு விழாவில் கொம்பு வேலைக்காரர் ஒருவரைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான். என் அரித்த கொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து எந்த மொழி என்று கேட்டார். பிறகு தன் மேசைக்கு அடியிலிருந்து கொம்புத் துண்டுகள் நிறைந்த ஒரு பையை எடுத்துக் கொடுத்து, முதலில் இதில் வெட்டு என்றார். அறுத்து எறிகிற அடித்துண்டுகள், எல்லோரிடமும் குப்பையாகக் கிடப்பவை. கேட்டால் சும்மா கொடுப்பார்கள், அல்லது ஓரிரு டாலருக்குத் தருவார்கள். ஒரு முழுக்கொம்பு வாங்குவதற்கு முன்னால் இந்தத் துண்டுகளில் நெடுங்கணக்கு முழுவதும் வெட்டிப் பார்த்துவிடுங்கள். இந்தக் கலைக்காரர்களுக்கு ஹானரபிள் கம்பெனி ஆஃப் ஹார்னர்ஸ் என்று ஒரு சங்கமே இங்கே இருக்கிறது. தனியாக மல்லுக்கட்டாமல் இப்படிப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே தேடிப் போயிருக்கலாமே என்று நீங்கள் பின்னால் வருந்த வேண்டாம்.

மூன்றாம் கொம்பை அவரிடமே 60 டாலருக்கு வாங்கினேன், கையில் எடுத்து, தட்டி, டார்ச் அடித்துப் பார்த்து. அதுதான் முடிந்தது. கோடு தவறினால் என்ன செய்வது என்பதையும் அவர்தான் காட்டினார். மை வைப்பதற்கு முன்பே கண்டுகொண்டால் சுரண்டியால் அந்த இடத்தை மட்டும் அல்ல, சுற்றிலும் அகலமாக மெல்ல இறக்கிவர வேண்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டினால் குழி விழுந்து வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மையை ஒரே மூச்சில் முழுக் கொம்புக்கும் தேய்க்காமல் ஒரு விரற்கடை வெட்டியதும் மை வைத்து, துடைத்து, மேலே போனால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். கன்னங்கறுப்பு வேண்டாம் என்பவர்கள் டியூப்பில் வரும் எண்ணெய் வண்ணத்தில் கரும்பழுப்பைத் தேய்க்கலாம். அது மெதுவாகக் காய்வதால் துடைக்க அவகாசம் கிடைக்கும், பழைய கொம்புகளின் நிறத்துக்கும் கிட்டே வரும்.

நுனித்துளை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கொம்பின் உட்குழி எதுவரை போகிறது என்று வெளியே தெரியாது. வளையும் கம்பியை உள்ளே விட்டு, முட்டும் இடம்வரை அளந்து, அதே அளவை வெளியே வைத்துக் குறித்துக்கொண்டு பிறகே நுனியை அறுக்க வேண்டும். துளை வளைவில் வெளியே பீறிட்டால் அந்தக் கொம்பு முடிந்தது. என் கொம்பு சுவரில் தொங்கத்தான். உண்மையிலேயே மருந்து போட்டு வைக்கப் போகிறவர்கள் அடிக்கட்டையைச் சுற்றித் தேன்மெழுகு வைத்து இறுக்க வேண்டும். சுடும்போது கொம்பிலிருந்து நேராகத் துப்பாக்கிக்குள் கொட்டவே கூடாது. முந்தின வேட்டின் கங்கு ஒன்று குழலில் இருந்தால் தீ கொம்புக்குள் ஏறிக் கையிலேயே வெடிக்கும். அளவுக்குப்பியில் ஊற்றி, கொம்பை மூடித் தள்ளி வைத்துவிட்டுத்தான் குழலுக்குள் போட வேண்டும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: கொம்பு, கைப்பிடி, ஒரு பெட்டி பிளேடு, பூதக்கண்ணாடி, கையுறை, சுரண்டி, உப்புத்தாள், மெழுகு, மை எல்லாம் சேர்த்து 170, 180 டாலருக்குள் நல்லபடியாக ஆரம்பித்துவிடலாம். மின்கருவி வேண்டாம், 'செதுக்கத் தயார்' கொம்பு வேண்டாம். நேரத்தில் பாதிக்கு மேல் பரப்பைத் தயார் செய்யவே போகும், அதைக் குறைக்க வழியில்லை.

கடைசியாக, வேலை முடிந்ததும் உங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் எங்காவது வெட்டிவிடுங்கள். பழைய வெற்றுக் கொம்பில் புதிதாகச் செதுக்கி, பழுப்பேற்றி, 1758 என்று போட்டு ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிற மோசடி இந்தச் சந்தையில் வெகுநாளாக நடக்கிறது. நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், உங்களுக்குப் பிறகு யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. மரக்கட்டையில் வெட்டினால் கட்டையைக் கழற்றி மாற்றிவிடலாம், அதனால் கொம்பிலேயே, நாருக்குக் குறுக்கே, ஆழமாக வெட்டுங்கள்.